அத்தியாயம் 7: கரைக்கு வராத கப்பலும் கைக்கு வரும் உறைகளும்

2010 டிசம்பர் 9 அன்று ஐஎன்எஸ் வாக்லி என்ற நீர்மூழ்கிக் கப்பல் இந்தியக் கடற்படைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றது. சோவியத் நாட்டில் கட்டப்பட்டு 1974 ஆகஸ்ட் 10 அன்று நம் படையில் சேர்ந்த கப்பல் அது. நீளம் ஏறத்தாழ 91 மீட்டர். உலகம் ஃபாக்ஸ்ட்ராட் என்று அழைத்த அந்த வகையில் நம்மிடம் கடைசிவரை இருந்தது வாக்லிதான். அதை மாமல்லபுரத்தில் கரையேற்றி அருங்காட்சியகமாக்கத் தமிழக அரசு முன்வந்தது. கப்பல் சென்னைத் துறைமுகம் வரை வந்தது. மாமல்லபுரத்துக்கு வரவில்லை, திட்டம் நிறைவேறாமலே போயிற்று.

இரண்டாயிரம் டன் இரும்பைக் கரையேற்ற அரசாங்கம் வேண்டும். அந்தக் கப்பலின் காகிதங்களைச் சேர்த்துக் காக்க ஒரு ஆளோ ஒரு பள்ளிக்கூடமோ போதும். ஒரு போர்க்கப்பலின் வாழ்க்கையை உறைகளாலும் அஞ்சல் முத்திரைகளாலும் எப்படித் தொகுப்பது என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது. எடுத்துக்காட்டுக்கு வாக்லியையும் செங்கல்பட்டு மாவட்டக் கரையையும் எடுத்துக்கொள்கிறோம். முறை எந்தக் கப்பலுக்கும் பொருந்தும்.

முதல் விதி: மூன்றும் பொருந்த வேண்டும்

அஞ்சல் தலை சேகரிப்பவர் தலையைப் பார்க்கிறார். கப்பல் உறை சேகரிப்பவர் மூன்று விவரங்களைப் பார்க்க வேண்டும்: எந்தக் கப்பல், எந்த நாள், எந்த இடம். உறையில் உள்ள பெயர், முத்திரையில் உள்ள தேதி, முத்திரை குத்திய அஞ்சலகம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் அந்த உறை ஓர் ஆவணம். ஒன்று முரண்பட்டாலும் அது அச்சிட்ட காகிதம்தான். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. வாங்குவது, தயாரிப்பது, ஒதுக்குவது என்று இனி வரும் எல்லா முடிவுகளையும் இந்த விதியை வைத்தே எடுக்கப் போகிறோம்.

இதிலிருந்தே இன்னொரு விதி பிறக்கிறது. உறையிலிருந்து தலையை ஒருபோதும் வெட்டி எடுக்காதீர்கள், தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர்கள். பிரித்த தலையில் முத்திரையின் கால் பங்குதான் மிஞ்சும். தேதியும் ஊரும் இரண்டாகப் போய்விட்டால் கப்பலும் போய்விட்டது.

கப்பலின் தபால் எப்படிப் போகிறது

அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் அஞ்சலகம் வைக்க 1908இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதனால் அமெரிக்க உறைகளில் கப்பலின் பெயரே முத்திரை வளையத்துக்குள் இருக்கும். பழம்பெரும் பாய்மரப் போர்க்கப்பலான யுஎஸ்எஸ் கான்ஸ்டிடியூஷன் 1931 முதல் 1934 வரை அந்நாட்டுத் துறைமுகங்களைச் சுற்றிவந்தபோது, ஊருக்கு ஊர் மக்கள் அதன் முத்திரையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இத்தகைய முத்திரைகளைச் சேர்ப்பவர்கள் 1932இல் அங்கே யுனிவர்சல் ஷிப் கேன்சலேஷன் சொசைட்டி என்ற சங்கத்தையே தொடங்கினார்கள்.

அந்தப் பழக்கத்தை மனதில் வைத்து இந்திய உறையைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். நம் கப்பலின் பெயர் அன்றாட முத்திரையில் வராது. கப்பல் எங்கே நிற்கிறது என்பது தெரியக் கூடாது என்பதே காரணம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவும் இதே காரணத்துக்காக முத்திரையிலிருந்து கப்பல் பெயர்களை நீக்கியது. பிரிட்டிஷ் கப்பல்களின் தபாலில் ‘மேரிடைம் மெயில்’ என்ற பொது வாசகமும் தணிக்கை முத்திரையும் மட்டுமே இருந்தன.

நம் மாலுமிகளின் கடிதங்கள் ஃப்ளீட் மெயில் ஆபிஸ் எனப்படும் கடற்படை அஞ்சல் நிலையங்கள் வழியாகப் போய்வருகின்றன. மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி ஆகிய மூன்றும் இவற்றில் முக்கியமானவை. வீட்டிலிருந்து எழுதுபவர் கப்பல் பெயரையும் இந்த நிலையத்தையும் எழுதினால் போதும். கப்பல் எந்தத் துறையில் இருந்தாலும் கடிதத்தைச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. படைத்தபாலில் எஃப்பிஓ என்ற எழுத்துகளோடு ஓர் எண்ணும் இருக்கலாம். 56 ஏபிஓ, 99 ஏபிஓ என்ற குறிகளும் இருக்கலாம். ஆகவே இந்திய உறையில் கப்பலை முத்திரையில் தேடாதீர்கள். அனுப்புநர் முகவரி, கப்பல் அலுவலகத்தின் ரப்பர் முத்திரை, உள்ளே உள்ள கடிதம் ஆகியவற்றில் தேடுங்கள். பின்பக்கத்தைப் பார்க்காமல் எந்த உறையையும் கீழே வைக்காதீர்கள்.

எவற்றைச் சேர்க்கலாம்

தொடங்குபவர்கள் கப்பல் உறைகளை நான்கு கட்டுகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

1. மாலுமி எழுதிய கடிதங்கள். கப்பலில் பணிபுரிந்தவர் வீட்டுக்கு அனுப்பிய உறை, உள்நாட்டுக் கடிதம், படைவீரர்களுக்கென வழங்கப்படும் தனிக் கடிதத் தாள். தொகுப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. கடையில் அரிதாகக் கிடைக்கும். ஓய்வு பெற்ற கடற்படையினர் வீடுகளில் கிடைக்கும்.

2. இராணுவ அஞ்சல் சேவையின் ஸ்பெஷல் கவர்கள். அந்தச் சேவை 1972 மார்ச் 1 அன்று தனிப் படைப்பிரிவாக ஆனது. படைப்பிரிவுகளின் விழாக்கள், கப்பல்கள் பணியில் சேர்வது, ஓய்வு பெறுவது போன்ற நாள்களுக்குச் சிறப்பு உறைகள் வெளியிடுவது அதன் மரபு. உள்ளே விவரத் தாள் இருந்தால் அதையும் சேர்த்தே வையுங்கள்.

3. அஞ்சல் துறையின் முதல் நாள் உறைகளும் சிறப்பு உறைகளும். குடியரசுத் தலைவர் கடற்படையைப் பார்வையிட்டதை ஒட்டி 1984 பிப்ரவரியில் நான்கு 1 ரூபாய் தலைகள் ஒன்றாக இணைந்த தொகுதியாக வந்தன. அவற்றில் ஒன்றில் விமானந்தாங்கி விக்ராந்த், இன்னொன்றில் நீர்மூழ்கி வேலா. வாக்லி பிறந்த வகைக்குப் பெயர் கொடுத்த மூத்த கப்பல் வேலாதான். ஆகவே வாக்லி தொகுப்பில் அந்தத் தலைக்கு உரிமையோடு இடம் உண்டு.

4. நீங்களே தயாரிக்கும் நினைவு உறைகள். ஒரு கப்பலோடு தொடர்புள்ள நாளில், தொடர்புள்ள ஊரில் முத்திரை வாங்கிய உறை. செலவு குறைவு, பள்ளி மாணவர்கள் இங்கே தொடங்கலாம்.

முதல் கட்டையும் நான்காம் கட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நீங்கள் தயாரித்த உறையின் பின்புறம் மூலையில் ‘நினைவு உறை’ என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து அதை எடுத்துப் பார்ப்பவர் மாலுமி அனுப்பியது என்று நம்பிவிடக் கூடாது.

ஒரு கப்பல், ஒரு வாழ்க்கை

எல்லாக் கப்பல்களையும் சேர்க்கப் புறப்பட்டால் பெட்டி நிறையும், கதை நிறையாது. ஒரு கப்பலைத் தேர்ந்தெடுத்து அதன் பிறப்பு முதல் ஓய்வு வரை எழுதிவைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உறை தேடுங்கள்.

வாக்லிக்கு இப்படி ஒரு சட்டகம் போடலாம். முன்கதையாக 1967 டிசம்பர் 8: நம் முதல் நீர்மூழ்கி ஐஎன்எஸ் கல்வரி பணியில் சேர்ந்த நாள், இன்றும் நீர்மூழ்கி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அடுத்து உடன்பிறப்புகள்: 1973இல் வேலாவும் வாகிரும், 1974 ஆகஸ்டில் வாக்லி, அதே ஆண்டு டிசம்பரில் வாக்ஷீர். அதன்பின் விசாகப்பட்டினத்தில் கழிந்த பணிக்காலம். 1984 தலை. 2010 ஓய்வு. கடைசிப் பகுதி மாமல்லபுரம்: வந்திருக்க வேண்டிய இடம்.

இந்தச் சட்டகத்தில் ஒப்பீட்டுக்காக இன்னொரு கப்பலையும் சேர்க்க வேண்டும். வாக்லிக்கு முந்தைய கல்வரி வகையைச் சேர்ந்த ஐஎன்எஸ் குர்சுரா 1969 டிசம்பர் 18 அன்று பணியில் சேர்ந்து 2001 பிப்ரவரி 27 அன்று ஓய்வு பெற்றது. விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் கரையேற்றி, 2002 முதல் அதை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே நடந்து பார்க்கலாம். எழுபதுக்கு மேற்பட்டவர்கள் எவ்வளவு குறுகலான இடத்தில் வாழ்ந்தார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டால், அங்கிருந்து வீட்டுக்கு எழுதப்பட்ட ஒரு கடிதத்தின் அருமை புரியும். விசாகப்பட்டினம் போகிறவர்கள் தயார் செய்த உறைகளைக் கொண்டுபோய், அந்த ஊர் அஞ்சலகத்தில் முத்திரை வாங்கி, அங்கிருந்தே தபாலில் சேர்த்துவிட்டு வாருங்கள்.

நம் கரைக்கான நாள்காட்டி

நினைவு உறை தயாரிக்கச் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரருக்குப் பொருந்தும் நாள்கள் இவை:

பிப்ரவரி 17. 1782இல் இதே நாளில் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். இருவருக்கும் இடையே நடந்த ஐந்து கடற்போர்களில் இதுவே முதலாவது. சதிராஸ் போர் என்று வரலாற்று நூல்கள் சொல்வது இதைத்தான். சென்னையில் ஜெனரல் போஸ்ட் ஆபிஸ் திறந்தது 1786 ஜூன் 1 அன்று. ஆகவே அந்தப் போர்க் காலக் கடிதம் என்று யாராவது சென்னை அஞ்சல் முத்திரையோடு காட்டினால் நம்பாதீர்கள். இன்று உறை தயாரிக்கக் கல்பாக்கம் அஞ்சலகம் பொருத்தமான இடம். சதுரங்கப்பட்டினக் கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 10. வாக்லி பணியில் சேர்ந்த நாள். மாமல்லபுரம் அஞ்சலகம்.

செப்டம்பர் 22. 1914இல் எம்டன் சென்னையைத் தாக்கிய நாள். இதைப் பற்றிக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

டிசம்பர் 4, 8, 9. கடற்படை நாள், நீர்மூழ்கி நாள், வாக்லி ஓய்வு பெற்ற நாள். ஒரே வாரத்துக்குள் மூன்றும் வருவதால் மூன்று உறைகளை ஒன்றாகத் திட்டமிடலாம்.

அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையிலோ அரசு விடுமுறையிலோ விழுந்தால் அடுத்த வேலைநாள் முத்திரையை வாங்குங்கள். தாளில் காரணத்தை எழுதுங்கள். முன்தேதியிட்டுக் குத்தித் தரும்படி யாரையும் கேட்காதீர்கள். முத்திரையின் மதிப்பே அது அன்றன்று குத்தப்பட்டது என்பதுதான்.

முத்திரை வாங்கும் முறை

நல்ல கெட்டியான வெள்ளை உறை எடுங்கள். உள்ளே உறை அளவுக்கு வெட்டிய மெல்லிய அட்டையை வையுங்கள். முத்திரை குத்தும்போது தாள் குழியாது, தபால் பையில் மடங்காது. தலைகளை வலது மேல் மூலையில் ஒட்டி, இடப்பக்கம் முத்திரை முழுதாக விழ இடம் விடுங்கள். உங்கள் முகவரியை வலது கீழ்ப்பகுதியில் சிறிதாக எழுதுங்கள். எடைக்கு உரிய கட்டணத்தைக் கவுண்டரில் கேட்டு அதற்குக் குறையாமல் தலை ஒட்டுங்கள். 1984 வேலா தலை கிடைத்தால் அதையும் ஒட்டி, மீதிக்கு இன்றைய தலைகளைச் சேர்க்கலாம். பழைய ரூபாய்த் தலைகள் இன்றும் செல்லும். அச்சிட்ட படம் வேண்டுமென்று இல்லை. கப்பல் பெயர், நிகழ்வு, தேதி என்று மூன்று வரி கையெழுத்தில் இருந்தாலே போதும்.

அஞ்சலகத்துக்குக் காலையில் போங்கள். பை கட்டும் நேரத்தில் நின்றால் ஊழியருக்கும் சிரமம், முத்திரையும் மங்கும். என்ன செய்கிறீர்கள் என்று சொல்லி, தெளிவாகக் குத்தித் தரும்படி கேளுங்கள். உறைக்கு அடியில் நாலைந்து தாள் செய்தித்தாள் வைத்தால் முத்திரை ஒரே சீராக விழும். மாமல்லபுரம் போன்ற சுற்றுலா ஊர்களில், அந்த ஊரின் அடையாளத்தைப் படமாகக் கொண்ட நிரந்தரப் பட முத்திரை உண்டா என்றும் விசாரியுங்கள். இருந்தால் தலைமேல் பட முத்திரையும் பின்புறம் சாதாரண தேதி முத்திரையும் வாங்குவது நல்ல பழக்கம். சாதாரண முத்திரையில்தான் ஊர்ப்பெயரும் பின்கோடும் தேதியும் கச்சிதமாக இருக்கும். மாமல்லபுரத்துக்கு 603104, கல்பாக்கத்துக்கு 603102, செங்கல்பட்டுத் தலைமை அஞ்சலகத்துக்கு 603001.

முத்திரை வாங்கிய உறையைக் கையில் வாங்கி வந்துவிடாமல் தபாலிலேயே அனுப்புங்கள். பயணம் செய்யாத உறையைவிடப் பயணம் செய்த உறைக்கு மதிப்பு அதிகம். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால், பழைய பதிவுத் தபால் சீட்டு ஒட்டிய கப்பல் உறைகள் இனிப் புதிதாக உருவாகப் போவதில்லை. இருப்பவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

கப்பலுக்கு எழுதும்போது

பணியில் இருக்கும் கப்பலிலிருந்து உறை பெற விரும்பினால் அதன் கட்டளை அதிகாரிக்கு எழுதலாம். 2016 நவம்பர் 21 அன்று பணியில் சேர்ந்த ஐஎன்எஸ் சென்னை நம்மவர்களுக்கு நல்ல தொடக்கம். மேற்குக் கடற்படைப் பகுதியைச் சேர்ந்தது என்பதால் மும்பை ஃப்ளீட் மெயில் ஆபிஸ் வழியாக எழுத வேண்டும். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நீங்கள் யார், எதற்காகச் சேர்க்கிறீர்கள் என்று சொல்லி, உங்கள் முகவரி எழுதித் தலை ஒட்டிய உறையை உள்ளே வைத்து, கப்பல் அலுவலக முத்திரை ஒன்றை மட்டும் கேளுங்கள்.

கேட்கக் கூடாதவை இவை: கப்பல் இப்போது எங்கே இருக்கிறது, எப்போது புறப்படும், எந்தத் துறைக்குப் போகும், யார் யார் பணியில் இருக்கிறார்கள். பதில் வராவிட்டால் நினைவூட்டல் மேல் நினைவூட்டலாக அனுப்பாதீர்கள். அவர்களுக்கு அதைவிட முக்கியமான வேலை இருக்கிறது. பணியில் இருப்பவரின் பெயரோ முகவரியோ தெரியும் உறையைப் பொதுவில் படமாகப் போடாதீர்கள். ஓய்வு பெற்றவரின் கடிதத்தை அவரோ குடும்பமோ மனமொப்பித் தந்தால் மட்டும் வாங்குங்கள். உள்ளே உள்ள குடும்பச் செய்திகளைக் காட்சிக்கு வைக்குமுன் மறுபடி ஒருமுறை அனுமதி கேளுங்கள்.

பழைய உறை வாங்கும்போது: ஆண்டுகள் சொல்லும் சாட்சி

போலி உறை தயாரிப்பவர் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கில்தான் சிக்குகிறார். கீழே உள்ளவற்றை ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

1934 அக்டோபர் 2: ராயல் இந்தியன் நேவி என்ற பெயர் வந்த நாள். அதற்கு முன் அது ராயல் இந்தியன் மரைன். முந்தைய உறையில் எச்எம்ஐஎஸ் என்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

1950 ஜனவரி 26: எச்எம்ஐஎஸ் என்பது ஐஎன்எஸ் ஆன நாள். சுதந்திரத்துக்குப் பிறகும் இரண்டரை ஆண்டு பழைய முன்னொட்டே இருந்தது. 1948 தேதியிட்ட உறையில் ஐஎன்எஸ் என்ற அச்சு இருந்தால் அந்த அச்சு பின்னால் சேர்க்கப்பட்டது.

1957 ஏப்ரல் 1: அணா போய் நயா பைசா வந்த நாள்.

1971 நவம்பர் 15 முதல் 1973 மார்ச் 31 வரை: வங்கதேச அகதிகளுக்காகத் தபாலில் 5 பைசா கூடுதல் தலை ஒட்ட வேண்டியிருந்த காலம். 1971 டிசம்பர் போர்க் கால உறையில் இந்த அகதிகள் நிவாரணத் தலை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை பணம் கொடுக்காதீர்கள். போருக்கு முந்தைய நாள்களில் பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸி, விக்ராந்தைத் தேடிச் சென்னைக் கடல்பக்கம் வந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். டிசம்பர் 3–4 இரவில் விசாகப்பட்டினத்துக்கு அப்பால் அது மூழ்கியது. ஆகவே அந்த வாரங்களின் கடலோரத் தபாலைத் தேடுபவர்கள் அதிகம். தேடுபவர்கள் அதிகமானால் போலியும் அதிகமாகும்.

1972 ஆகஸ்ட் 15: பின்கோடு வந்த நாள். 1971 தேதி முத்திரையிலோ அச்சிட்ட முகவரியிலோ ஆறு இலக்க எண் இருந்தால் அந்த உறையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

1996: மெட்ராஸ் என்பது சென்னையான ஆண்டு. செங்கல்பட்டு, மாமல்லபுரம் ஆகிய ஊர்களின் பழைய ஆங்கில எழுத்துக்கோவைகளையும் தெரிந்துவையுங்கள். பழைய முத்திரைகளில் சிங்கிள்புட், மகாபலிபுரம் என்ற வடிவங்களே வரும்.

இவை தவிர ஒரு பொதுச் சோதனை: தலை வெளியான நாள் முத்திரைத் தேதிக்கு முந்தியதாகவோ அதே நாளாகவோ இருக்க வேண்டும். சாதாரணமாகத் தோன்றும் இந்தச் சோதனையில் விழும் உறைகள் ஏராளம். அடுத்து, உறையில் அச்சிட்ட படத்தின் மை முத்திரை மையின்மேல் ஏறியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஏறியிருந்தால் முத்திரை விழுந்த பிறகு படம் சேர்க்கப்பட்டிருக்கிறது.

எம்டன்: நம் கரையின் பெரிய கதை

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் தலைமையில், சென்னைத் துறைமுகத்தின் மீது சுமார் 130 குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்தன. கப்பல் பிறகு இலங்கைப் பக்கம் போயிற்று. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதைச் சிதைத்தது. பிழைத்தவர்களில் முல்லர் உட்பட பலர் கைதிகளாக மால்டா தீவுக்குப் போனார்கள்.

எம்டன் உறைகள் மூன்று விதம். போருக்கு முன் சீனக் கடலோரத்திலிருந்து மாலுமிகள் அனுப்பிய அஞ்சலட்டைகள். இவற்றில் ஜெர்மானியக் கடற்படைத் தபால் முத்திரை எண்ணோடு இருக்கும், கப்பல் பெயர் இருக்காது. மால்டா முகாமிலிருந்து வந்த கைதிக் கடிதங்கள். முகாமின் தணிக்கை முத்திரை இருக்கும். இரண்டும் விலை மிகுந்தவை. நிபுணர் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள்.

மூன்றாவது விதம் நமக்கே உரியது. 1914 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் சென்னையிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் போன சாதாரண மக்களின் கடிதங்கள். அன்று குண்டுக்கு அஞ்சி ஆயிரக்கணக்கானோர் நகரைவிட்டு வெளியேறினார்கள். கால் அணா அஞ்சலட்டையில் நலம் விசாரித்தும், ஊருக்கு வரச் சொல்லியும், சரக்கு அனுப்ப வேண்டாம் என்றும் எழுதியவர்கள் இருந்திருப்பார்கள். வியாபாரக் குடும்பங்களின் பழைய பெட்டிகளில் அந்தக் காலத்து அட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். கம்பியில் கோத்து வைத்ததால் நடுவில் ஓட்டை விழுந்திருக்கும்; ஓட்டை விழுந்தது என்று ஒதுக்காதீர்கள். முன்பக்கத் தேதியைப் பார்த்துவிட்டு, பின்பக்கத் தமிழைப் பொறுமையாகப் படியுங்கள். வெளிநாட்டு ஏலங்களில் கிடைக்காத சான்று அங்கே இருக்கலாம். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம்தான்.

உப்புக்காற்றில் பாதுகாப்பு

கடலோரத்தில் காகிதத்துக்கு முதல் எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தலைகளின் பசை இளகி உறைகள் ஒன்றோடொன்று ஒட்டும். பழுப்புப் புள்ளிகள் விழும். கடலைப் பார்த்த வெளிச்சுவரில் சாய்த்த அலமாரியில் வைக்காதீர்கள். உள்சுவரோரம், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். உறைகளைப் படுக்கவைத்து அடுக்காமல், நிமிர்த்தி, நெரிக்காமல் வையுங்கள்.

ஒவ்வோர் உறையையும் பாலிப்ராப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் பாக்கெட்டில் இடுங்கள். மணக்கும் மலிவான பிவிசி பாக்கெட் வேண்டாம். நாளடைவில் அது மையை இழுக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உறையில் படாமல் வைத்து, மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள். அந்துருண்டையும் கற்பூரமும் பெட்டிக்குள் வேண்டாம். இராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் நல்ல மருந்து, மாதம் ஒருமுறை திறந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான். வெயிலில் காயவைக்காதீர்கள், நிழலில் மின்விசிறிக் காற்று போதும். செலோடேப், ஸ்டேப்ளர் முள், ரப்பர் பேண்ட் மூன்றும் தொகுப்பின் பக்கமே வரக் கூடாது.

பதினாறு தாளில் ஒரு கப்பல்

அஞ்சல் தலைக் கண்காட்சிகளில் ஒரு சட்டகம் என்பது 16 தாள். வாக்லிக்கு இதுவே போதுமான அளவு. முதல் தாளில் கப்பலின் சுருக்க வரலாறும் தொகுப்பின் திட்டமும். அடுத்தவற்றில் முன்கதை, உடன்பிறப்புகள், பணிக்காலம், 1984, குர்சுரா, ஓய்வு, மாமல்லபுரத் திட்டம். ஒரு தாளில் இரண்டு உறைக்கு மேல் வேண்டாம். ஒவ்வோர் உறையின் கீழும் இரண்டு மூன்று வரி: கப்பல், நாள், இடம், எந்த வகை. கடையில் வாங்கியதா, குடும்பம் தந்ததா, தயாரித்ததா என்பதையும் குறியுங்கள்.

துணைக்கு ஆள் தேவைப்பட்டால் சென்னையில் 1956 முதல் இயங்கும் தென்னிந்திய அஞ்சல் தலை சேகரிப்பாளர் சங்கம் இருக்கிறது. அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தில் ஃபிலாட்டலி பிரிவு இருக்கிறது. 200 ரூபாய் கட்டி ஃபிலாட்டலி வைப்புக் கணக்கு தொடங்கினால் புதிய வெளியீடுகள் வீடு தேடி வரும். பள்ளி ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது தீனதயாள் ஸ்பர்ஷ் திட்டம்: 6 முதல் 9ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்கு, சேகரிப்பில் காட்டும் திறமையைப் பார்த்து, ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள். பள்ளியில் அஞ்சல் தலை மன்றம் இருந்து மாணவர் அதில் உறுப்பினராக வேண்டும். மன்றம் இல்லாத பள்ளியில் மாணவர் பெயரிலேயே வைப்புக் கணக்கு இருந்தால் போதும்.

தொகுப்பு முடிந்ததும் செய்ய வேண்டிய கடைசி வேலை ஒன்று உண்டு. எல்லா உறைகளின் பட்டியலை இரண்டு பிரதி எழுதி, ஒன்றைப் பெட்டியிலும் ஒன்றை வீட்டில் பொறுப்பானவரிடமும் கொடுங்கள். எது மூலம், எது நினைவு உறை, உங்களுக்குப் பின் யாரிடம் சேர வேண்டும் என்பது அதில் இருக்கட்டும். அருங்காட்சியகத் திட்டங்கள் நின்றுபோகலாம், கப்பல்கள் உடைக்கப்படலாம். பட்டியலோடு கூடிய 16 தாள் ஒரு பள்ளி நூலகத்தில் இருந்தால், வாக்லியைப் பற்றிக் கேட்கும் மாணவிக்கு மாமல்லபுரத்தில் காட்ட ஏதோ ஒன்று இருக்கும். அதைச் செய்ய யாருடைய அனுமதியும் தேவையில்லை. வருகிற ஆகஸ்ட் 10 அன்றே தொடங்கலாம்.